விதையின் குணமறிந்து விதைத்தல்

பொன்மழை பொழிந்தாற்போற் பூத்துத் தொங்கும் கொன்றையை வீதியோரத்திற் கண்டு ஒரு கணமேனும் நில்லாதவர் அரியர். அதன் அடியில் விழுந்து கிடக்கும் நீண்ட கரிய காயொன்றை எடுத்துச் சென்று, தம் வீட்டு முற்றத்திலும் இப்படியொரு மரம் நிற்கவேண்டும் என்ற ஆசையோடு விதைத்தவர்களும் பலர் உளர். ஆனால், அவ்வாறு விதைத்தவர்களுள் மரத்தைக் கண்டவர் சிலரே. சாடியில் இட்ட விதை இட்டபடியே கிடக்கும். ஒரு மாதம் நீர் ஊற்றியவர் சலித்துப்போய் மண்ணைக் கொட்டிவிடுவார். விதை பட்டுப்போயிற்று என்றோ, கைராசி இல்லை என்றோ காரணம் சொல்லப்படும்.

இன்னொருவர் நாகமரத்தின் விதைகளைப் பெறுகிறார். அவற்றைக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, தகரப் பேணியில் இட்டு மூடி, மழைக்காலம் வரட்டும் என்று மூன்று மாதம் பத்திரப்படுத்துகிறார். மழை வந்ததும் விதைக்கிறார். அவையும் முளைப்பதில்லை.

வெளிப்பார்வைக்கு இவ்விரு தோல்விகளும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. கொன்றை விதை சாகவில்லை, உறங்கிக் கிடந்தது. அதை எழுப்புவார் இல்லாமையால் அது முளைக்கவில்லை. நாகமர விதையோ விதைக்கப்படுவதற்கு வெகுநாள் முன்னரே பேணியினுள் இறந்துவிட்டது. அதைக் காத்த கவனமே அதைக் கொன்றது. முதலாமவர் விதையை எழுப்பியிருக்கவேண்டும். இரண்டாமவர் அன்றே விதைத்திருக்கவேண்டும். வீட்டில் விதையிட்டு அழகு மரம் வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இந்த வேறுபாட்டையே. எருவும் நீரும் சாடியும் இதற்குப் பின்னர் வருவன.

விதைகளுட் சில காத்திருக்க வல்லன. சில காத்திருக்க மாட்டாதன. இது நம்மவர் அறியாத செய்தியன்று. நெல்லை உலர்த்திக் கட்டிவைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பது வழக்கம். பலாக்கொட்டையை அவ்வாறு வைத்து விதைக்க எவரும் நினைப்பதில்லை. ஈரமான இடத்தில் விட்டால் அது தானே முளை நீட்டும், காய்ந்துவிட்டால் பயனற்றுப்போகும். மாங்கொட்டையும் அத்தகையதே. விதைகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞராகிய றொபேட்ஸ் 1973இல் இவ்விரு வகைகளுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டி, அவற்றின் இயல்பை வரையறுத்தார். உலர்த்தினால் ஆயுள் நீளும் விதை ஒருவகை. உலர்த்தினால் உயிர் போகும் விதை மற்றொரு வகை. முதல் வகை விதை தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஈரம் எஞ்சும்வரை உலர்ந்தாலும் உயிரோடிருக்கும். இரண்டாம் வகை அதைப்போலப் பன்மடங்கு ஈரம் இருக்கும்போதே மடியத் தொடங்கும். வசதிக்காக முதல் வகையை உலர்விதை என்றும் இரண்டாவதை ஈரவிதை என்றும் இங்கு கூறலாம்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதற்கு வரலாற்றிலேயே இரு சான்றுகள் உள.

1793ஆம் ஆண்டிற் சீன நாட்டில், நம் வாகைக்கு உறவான ஒரு மரத்தின் விதைகள் சேகரிக்கப்பட்டு இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே அரும்பொருட் சாலையில், உலர்ந்த தாவர மாதிரிகளோடு அவை காகிதத்தில் ஒட்டப்பட்டுக் கிடந்தன. அவற்றை விதைக்கும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. 1940இல், இரண்டாம் உலகப் போரின்போது, அக்கட்டடத்தின்மீது குண்டு விழுந்து தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் அந்த விதைகளையும் நனைத்தது. 147 ஆண்டுகள் உறங்கிய விதைகளுட் சில அப்போது முளைவிட்டன.

மற்றைய சான்று இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவர் எவ்வளவோ விரைந்தும், பூங்காவினர் கிடைத்த உடனேயே விதைத்தும், முளைத்தவை நூற்றுக்கு நான்கு விதந்தான். இறப்பர் விதை ஈரவிதையாதலால் கடற்பயணத்தின் சில வாரங்களே மற்றவற்றைக் கொல்லப் போதுமாயின. எஞ்சியவற்றை விதையாக மேலும் அனுப்புவதில் பயனில்லை என்பது தெளிவாயிற்று. ஆகவே 1,919 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகள் 38இல் வைக்கப்பட்டு, அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்தன. கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹேனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டதிலிருந்து இந்நாட்டின் இறப்பர்ச் செய்கை தொடங்கிற்று.

ஒரு விதை காகிதத்தில் ஒட்டியபடி 147 ஆண்டுகள் உயிர் தாங்கியது. மற்றொன்று கப்பலிற் சில வாரங்களைத் தாங்கவில்லை. இரண்டும் வெப்ப நாடுகளிலோ அவற்றை அடுத்த நாடுகளிலோ வளரும் மரங்களின் விதைகளே. எனவே, கையிற் கிடைத்த விதை எவ்வகையினது என்று தெரியாமல் அதைத் தொடுவது வீண் முயற்சியாகும்.

அழகு மரங்களுள் உலர்விதை உடையவை பெரும்பாலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொன்றை, செந்தீப்போல மலரும் மேமலர், வாகை, மழைமரம் என்பன இவ்வினத்தன. மேமலரின் தாயகம் மடகஸ்கார்த் தீவின் வறண்ட காடு. கொன்றையோ இந்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உரியது. இவையெல்லாம் நீண்ட கோடையும் குறுகிய மாரியும் உள்ள நிலங்களில் வாழப் பழகியவை. அத்தகைய நிலத்தில், கோடை நடுவே பெய்யும் ஒரு சிறு மழையை நம்பி முளைத்துவிட்டால், அடுத்த வாரமே நாற்றுக் கருகிவிடும். இதனால் இம்மரங்களின் விதைகள் நீர் உட்புகாத கல்போன்ற தோலைப் பெற்றுள்ளன. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கியும், காயைத் தின்ற விலங்கின் குடலிற் கிடந்தும், மண்ணிலும் கல்லிலும் உராய்ந்தும் அத்தோல் சிறிது சிறிதாகத் தளரும். ஒரே காயிலிருந்து விழுந்த விதைகளுள்ளும் சில இவ்வாண்டும் சில அடுத்த ஆண்டும் சில அதன் பின்னரும் முளைக்கும். ஓராண்டு மழை பொய்த்தாலும் குலம் அழியாதிருக்க இது வழி செய்கிறது. காட்டுக்கு நன்மையான இவ்வியல்பே வீட்டில் விதைப்பவரைச் சலிப்படையச் செய்கிறது.

இத்தோலைத் தளர்த்துவதற்கு இரண்டு எளிய முறைகள் உண்டு. விதைகள் சிலவேயாயின், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கரடுமுரடான கல்லில் ஓரிடத்தைத் தேய்க்கலாம். அல்லது நகவெட்டியால் ஓரத்திற் சிறிது வெட்டலாம். தோலின் கபில நிறம் நீங்கி உள்ளிருக்கும் வெண்மை தெரிந்தவுடன் நிறுத்திவிடவேண்டும். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பின் அருகே முளை இருக்குமாதலால் அப்பக்கத்தைத் தொடலாகாது. எதிர்ப்பக்கத்திலேயே தேய்த்தல் வேண்டும். பின்னர் அவ்விதையை ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டால், காலையில் அது இருமடங்கு பருத்திருப்பதைக் காணலாம்.

விதைகள் மிகுதியாயின் வெந்நீர் முறை வசதியானது. பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கவேண்டும். கொதிப்பு அடங்கியதும் விதைகளை அதில் இட்டு, நீர் தானே ஆறும்வரை விட்டு, மறுநாட் காலைவரை அப்படியே வைத்திருக்கலாம். விதைகளை அடுப்பின்மேல் வைத்துக் கொதிக்கவிடலாகாது, அஃது அவித்தலாகும். மறுநாள் பார்க்கும்போது சில விதைகள் பருத்திருக்கும். சில முன்போலவே கிடக்கும். பருத்தவற்றை உடனே விதைத்துவிட்டு, பருக்காதவற்றை மீண்டும் ஒருமுறை வெந்நீரில் இடலாம். அல்லது கல்லில் தேய்க்கலாம். பருத்த விதையை மறுபடி உலரவிட்டால் அது மடிந்துபோகும் என்பதை மறத்தலாகாது. இவ்வாறு எழுப்பப்பட்ட மேமலர் விதை ஒன்றிரண்டு வாரங்களிலும், கொன்றை விதை சில வாரங்களிலும் முளைகாட்டும். பண்படுத்தாத விதை மாதக்கணக்கிற் காத்திருக்க வைக்கும்.

கொன்றை விதையைக் காயிலிருந்து எடுப்பதிலும் ஒரு முறையுண்டு. முதிர்ந்து கறுத்த காயைத் தட்டி உடைத்தால், உள்ளே நாணயங்களை அடுக்கியதுபோல மெல்லிய தடுப்புகள் காணப்படும். ஒவ்வோர் அறையிலும் ஒட்டும் கரிய சதையின் நடுவே ஒரு விதை கிடக்கும். சதையைக் கழுவி நீக்கி, விதையை நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இட்டுவைத்தால் அது ஆண்டுகள் பல கெடாதிருக்கும். அச்சதை பேதியை உண்டாக்குவதாதலால், சிறுவர்களை இவ்வேலையில் ஈடுபடுத்துவோர் அவர்கள் கையைக் கழுவுவதைக் கவனித்தல் நல்லது.

இனி, ஈரவிதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மழையும் நிழலும் மிகுந்த காட்டில் வாழும் மரங்கள் பலவற்றின் விதைகள் இவ்வகையின. அங்கே விதை விழும் நிலம் எக்காலமும் ஈரமாயிருக்கும். காத்திருக்கவேண்டிய தேவை அங்கு இல்லை. விதை மரத்தினின்று விழும்போதே அதன் உயிர் விழித்திருக்கும். விழுந்த உடனே வேர்விட முயலும். அதை உலர்த்துவது மீனைக் கரையில் இடுவதற்கு ஒப்பாகும்.

1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாகமரம் இத்தகையது. வெண்ணிற இதழ்களின் நடுவே பொன்னிற மகரந்தத் திரளோடு மணம் கமழும் அதன் மலரையும், தளிர்க்கும் காலத்திற் செம்பட்டு விரித்தாற்போன்ற அதன் இலைகளையும் அறியாதவர் இலர். தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள நாமல் உயனவில் இம்மரங்கள் காடாகவே நிற்கின்றன. இதன் விதை எண்ணெய்ப் பசை நிறைந்தது. வீட்டில் வைத்திருந்தால் விரைவில் வலுவிழக்கும். ஆகவே காய் வெடித்து விதை விழுந்த அன்றோ மறுநாளோ விதைத்துவிடுவதே முறை. அன்று இயலாதாயின், ஈரமான தும்புத்தூளிலோ மணலிலோ புதைத்து நிழலில் வைக்கலாம். அதுவும் சில நாட்களுக்கே. வெந்நீரை இதன் அருகிலும் கொண்டுசெல்லலாகாது. கொன்றைக்கு மருந்தாகிய வெந்நீர் நாகத்துக்கு நஞ்சாகும்.

நாகலிங்க மரத்தின் விதையையும் புதிதாகவே விதைத்தல் வேண்டும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், அடிமரத்திலேயே பூத்துக் காய்ப்பது. மலரின் நடுவே சிவலிங்கமும் அதன்மேற் படமெடுத்த நாகமும் இருப்பதுபோன்ற தோற்றத்தால் சைவ ஆலயங்களில் இடம்பெற்றது. பௌத்த விகாரைகளில் இதையே சால மரம் என்று வளர்த்து வருகின்றனர். இந்தியாவின் உண்மையான சால மரம் வேறு. பேராதனைப் பூங்காவில், பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசரும் அவர் துணைவியாரும் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தைக் கண்டோர் பலராவர். பீரங்கிக் குண்டுபோன்ற இதன் காய் முதிர்ந்து விழுந்ததும், துர்நாற்றம் வீசும் சதையினின்று விதைகளைப் பிரித்துக் கழுவி, ஈரம் உலருமுன் விதைக்கவேண்டும். ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்குமாதலால் விதைக்குப் பஞ்சமில்லை. காலந்தான் அரிது.

நம் முற்றங்களிற் பெரிதும் பழகிய வேம்பும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே. வேப்பம் விதையை முழுமையான ஈரவிதை என்று சொல்லிவிட முடியாது. எனினும், வீட்டிற் சும்மா வைத்திருந்தால் சில வாரங்களிலேயே அதன் முளைக்குந் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். பழுத்து விழுந்த பழத்தின் சதையை நீக்கி அந்த வாரத்திலேயே விதைத்தால் பெரும்பாலும் முளைக்கும். மரத்தடியில் எவரும் விதைக்காமலே நாற்றுகள் கூட்டமாய் எழுவதும், கடையில் வாங்கிய பழைய விதை மோசம் போவதும் இதனாலேயே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இறகுவிதைகள் சில உள. பூமருது, மலைநாட்டு நகரங்களில் ஊதா நிறமாய் மலரும் ஜகரந்தா, கொழும்பு வீதிகளில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் டபேபூயா ஆகியவற்றின் விதைகள் மெல்லிய இறகு பெற்றுக் காற்றிற் பறப்பன. இவற்றுக்குக் கல்தோல் இல்லாமையால் தேய்த்தலோ வெந்நீரோ வேண்டியதில்லை. ஆயுளும் நீண்டதன்று, சேகரித்த பருவத்திலேயே விதைத்துவிடுதல் நலம். ஆழப் புதைத்தால் இச்சிறு விதைகள் மேலே வர வலுவின்றி அழியும். மண்ணின்மேற் பரப்பி, அவை மறையும் அளவுக்கு மட்டும் மணலைத் தூவினாற் போதும்.

எவ்வகை விதையாயினும் விதைக்கும் மண் நீர் தேங்காததாய் இருத்தல் வேண்டும். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு என்ற கலவை வீட்டுக்குப் போதுமானது. புதுச் சாணம் வேரைச் சுடும். விதையின் பருமனைப்போல இருமடங்கு ஆழத்திற் புதைப்பது பொதுவிதி. சிறு விதைகளுக்குக் கண் துளைத்த சிரட்டை போதும். மேமலர், கொன்றை, வேம்பு போன்றவற்றுக்கு ஒரு சாண் ஆழமேனும் உள்ள சாடியோ தகரமோ வேண்டும். இவை இலை விடுமுன்னரே கீழ்நோக்கி நீண்ட ஆணிவேரை இறக்குவன. மேலே இரண்டு இலை காணும்போது கீழே வேர் சாடியின் அடியைத் தொட்டிருக்கும்.

நீர் ஊற்றுவதில் மிகை கூடாது. காலையிற் பூவாளியால் மண் நனையும் அளவுக்குத் தெளித்தால் மாலைக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும். இரவு முழுவதும் நனைந்த மண்ணில், நெருங்கி நிற்கும் இளநாற்றுகளைப் பங்கசு பற்றும். தண்டு மண்ணைத் தொடும் இடத்திற் கறுத்து மெலிந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சரிந்து கிடக்கும். சரிந்தபின் அதைக் காப்பாற்ற வழியில்லை. நாற்றுகளை இடைவெளியோடு வைத்தலும், காற்றோட்டம் தருதலும், நீரைக் குறைத்தலுமே தடுப்பு முறைகளாகும். முதல் சில வாரங்களுக்குக் கிடுகொன்றைச் சாய்த்து நிழல் கொடுக்கலாம். பின்னர்ச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கவேண்டும். நாகமர நாற்று மட்டும் நிழலை நெடுநாள் விரும்பும். கோழியும் ஆடும் நத்தையும் அணிலும் விதைப்பவரின் பொறுமையைச் சோதிப்பன. சாடியின்மேற் கம்பிவலை ஒன்றை இடுவது சிறந்த காவல்.

நாற்றுச் செழித்து நிற்பதைக் கண்டு அதைச் சாடியிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. இது பின்னாளிற் பெருந்தீங்கு விளைப்பது. இறங்க இடமில்லாத ஆணிவேர் சாடியின் அடியில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். அந்நாற்றை நிலத்தில் நட்ட பின்னரும் வேர் அந்தச் சுற்றை விடுவதில்லை. மரம் மேலே பெருக்கும். கீழே பிடி இராது. இருபது ஆண்டு கழித்து ஒரு காற்றில் அது வேரோடு சாயும்போது, பழி காற்றின்மேல் விழும். ஆகவே நாற்று ஒன்றிரண்டு அடி உயர்ந்ததும் நிலத்துக்கு மாற்றிவிடவேண்டும். மாற்றும்போது அடியிற் சுற்றிய வேர் காணப்பட்டால், அச்சுற்றை வெட்டி நீக்கிய பின்னரே நடுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வேலிகளிற் பூவரசையும் கிளுவையையும் முள்முருக்கையும் கதியாலாக நட்டு வளர்ப்பது பழைய வழக்கம். வேலிக்கு அதுவே தகுந்த முறை. விரைவில் தழைக்கும், வேண்டியபோது வெட்டலாம். ஆனால், கதியாலில் எழுந்த மரத்துக்கு விதையில் எழுந்த மரத்துக்குரிய ஆணிவேர் அமைவதில்லை. நெடுங்காலம் நிழல்தர நிற்கவேண்டிய மரத்தை விதையிலிருந்து எழுப்புவது மேலானது. பூவரசின் விதையும், தோலைச் சிறிது கீறி விதைத்தால் எளிதில் முளைப்பதே. 1978 கார்த்திகையில் மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளியை நினைவுகூர்வோர், கிழக்குக் கரையில் மரத்தின் வேர்ப்பிடி சிறிய செய்தியன்று என்பதை ஒப்புக்கொள்வர்.

நடும் காலத்தை மழையைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசியில் மாரி தொடங்கும்போது நட்டால், அடுத்த கோடைக்குள் வேர் ஆழம் கண்டுவிடும். அதற்கு விதையைச் சித்திரை, வைகாசியிலேயே இடவேண்டும். கொன்றையும் மேமலரும் பூக்கும் அக்காலத்திற் சென்ற ஆண்டின் முதிர்ந்த காய்களும் கிளைகளிலே தொங்கக் காணலாம். பூவைப் பார்த்து நிறத்தைத் தெரிந்துகொண்டு அதே மரத்தின் காயை எடுப்பதும் எளிது. எனினும், விதையிற் பிறந்த பிள்ளை தாயை முற்றும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிறத்திற் சிறிது ஏற்றத்தாழ்வு காணலாம். தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் வைகாசியிலும் நடலாம்.

நடும் இடத்தைத் தெரிவதில், ஒரு சாண் நாற்றைப் பாராமல் முப்பது ஆண்டுக்குப் பிந்திய மரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். மேமலரின் வேர் மண்ணின் மேற்பரப்பிற் பரந்து, சுவரையும் தரையையும் வெடிக்கச் செய்யும். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் பத்து மீற்றராவது விலக்கி அதை நடவேண்டும். நாகலிங்கத்தின் கனத்த காய் தலையில் விழக்கூடுமாதலால் நடைபாதையோரம் அதற்கு ஏற்றதன்று. மழைமரம் பெருவெளிக்கே உரியது. சிறிய வளவுக்குக் கொன்றையும் மந்தாரையும் பவளமல்லிகையும் போதும். மின்கம்பியின் கீழே எந்தப் பெருமரத்தையும் நட்டு, பின்னர் அதன் தலையை வெட்டிக்கொண்டிருப்பது மரத்துக்கும் மனிதருக்கும் துன்பமே. மஞ்சள் அலரி விதையிலிருந்து எளிதில் வளரும் அழகிய செடியேயாயினும், அதன் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. வீட்டு வளவில் அதை வளர்க்காமல் விடுவதே அறிவுடைமை.

இத்தனை தொல்லை எதற்கு, நாற்றுமேடையிற் காசு கொடுத்து ஒரு கன்றை வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். வாங்குவதில் தவறில்லை. ஆனால், விலைக்குக் கிடைக்காத மரங்களும் உண்டு. பாடசாலை வாயிலில் நூறாண்டு நின்ற நாகமரம், கோயில் வீதியில் நின்ற மகிழமரம், சந்தியில் ஊர்க்கு அடையாளமாய் நின்ற வாகை என்பன அவை. வீதியை அகலமாக்கும்போதும் கட்டடம் எழுப்பும்போதும் இவை வெட்டப்படுகின்றன. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மரங்கள் அழிந்த வளவுகள் எத்தனையோ. 2009இல் போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பியவர்களுட் பலர் தங்கள் வளவை அடையாளம் காண நின்ற மரத்தையே தேடினர். அத்தகைய மரத்தின் வமிசம் தொடருமா அறுமா என்பது, அதன் விதையை எவரேனும் எடுத்து வைத்தாரா என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் விதையின் குணத்தை அறிவதன் பெறுமதி விளங்கும். ஒரு வாகை வெட்டப்படப் போகிறது என்று தெரிந்தால், அதன் காய்களைப் பறித்து உறையில் இட்டு, வசதியான ஆண்டில் விதைக்கலாம். நாகமரம் வெட்டப்படப் போகிறதாயின் அந்த அவகாசம் கிடையாது. விதை விழும் பருவத்தில், விழுந்த அந்த நாளில், ஈரத்தோடு மண்ணில் இடவேண்டும். அந்த வாரம் தவறினால் மரமும் போயிற்று, விதையும் போயிற்று. வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவில், மலையைக் குடைந்து 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக் களஞ்சியம் இருக்கிறது. உறைகுளிரில் இலட்சக்கணக்கான பயிர்விதை மாதிரிகளைக் காக்கும் அக்களஞ்சியமும் ஈரவிதையை அவ்வாறு சேமித்துக் காக்க வல்லதன்று. உலர்த்தினாலும் உறையவைத்தாலும் அவ்விதை இறக்கும். வளர்ந்து நிற்கும் மரமே அதற்குக் களஞ்சியம். வீட்டு முற்றத்தில் ஒரு நாக நாற்றை வளர்ப்பவர், பெரிய நிறுவனங்களாலும் எளிதிற் செய்ய முடியாத ஒரு காவலைத் தாமே செய்கிறார் எனலாம்.

விதையிட்டவர் பூவைக் காண நாட்செல்லும் என்பது உண்மையே. மேமலர் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிற் பூக்கலாம். சில மரங்கள் மேலும் பிந்தும். நாகமரம் அதனினும் மெல்ல வளர்வது. ஆனால், இவ்வாண்டு பாடசாலையிற் சேரும் பிள்ளையின் கையால் ஒரு விதையை இடுவித்தால், அப்பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்குமுன் மேமலரின் நிழலில் அமரக்கூடும். விதையிட்ட நாளையும், அது எந்த ஊரில் எந்த மரத்தினின்று எடுத்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். மரம் வளர்ந்தபின் அதன் பிறப்பைச் சொல்ல வேறு எவரும் இருப்பதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டியதில்லை. கொன்றைக் காயொன்று, ஒரு பாத்திரம் வெந்நீர், நான்கு சாடிகள் இருந்தாற் போதும். நான்கு விதைகளில் இரண்டு முளைத்து ஒன்று நிலைத்தாலும் அது வெற்றியே. அந்த அனுபவம் கைவந்த பின், நாகமரத்தின் காய் வெடிக்கும் நாளை எதிர்பார்த்து, மண்ணை முன்னதாகவே நிறைத்துவைத்த சாடியோடு காத்திருக்கலாம். அந்த விதைக்காக மனிதர்தான் காத்திருக்கவேண்டும். மனிதருக்காகக் காத்திருக்க அந்த விதையால் இயலாது.